60 குடும்பங்களும் 55 குடும்பங்களும்

எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி எம்.ஏ. பொருளியல் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் எந்தத் தாளுக்குப் பயம் என்று கேளுங்கள். எகனாமெட்ரிக்ஸ் என்பார்கள். பழி தாமோதர் குஜராத்தியின் ‘பேசிக் எகனாமெட்ரிக்ஸ்’ தலையில் விழும். 1978இல் முதலில் வந்த, தலையணை கனமுள்ள ஆங்கிலப் புத்தகம். உதாரணமெல்லாம் டாலரில், கணக்கோ தலைசுற்றும் என்பது புகார்.

டாலர் புகார் பாதிதான் உண்மை. தொடக்கத்தில் வரும் 60 குடும்பங்கள், வாரம் 80 முதல் 260 டாலர் வரை சம்பாதிக்கும் கற்பனைக் குடும்பங்கள். ஆனால் அதே புத்தகத்தில் இந்தியக் கிராமக் குடும்பங்கள் 55இன் செலவுக் கணக்கும் உண்டு. மொத்தச் செலவு ஒரு ரூபாய் கூடினால் சாப்பாட்டுச் செலவு சராசரியாக 44 பைசா கூடுகிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துப் பிள்ளைக்கு இது அந்நியமா என்ன?

கணக்குப் புகாரும் நிற்காது. பிந்தைய பதிப்புகளில் மேட்ரிக்ஸ் பின்னிணைப்புக்குப் போய்விட்டது. பிளஸ் டூவில் கணக்கையே தொடாமல் வந்தவரை சிக்மா மிரட்டும்தான். அதைச் சரிசெய்ய வேண்டியது பி.ஏ. பாடத்திட்டம்.

கேள்வித்தாளுக்கு வருவோம். ‘ஹெட்டிரோசெடாஸ்டிசிட்டியின் விளைவுகளை விளக்குக.’ ஐந்து பாயின்ட் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். விஷயம் என்னவோ தெருவிலேயே கிடக்கிறது. கூலி வீடுகளில் சாப்பாட்டுச் செலவு ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். கையில் காசு புழங்கும் வீடுகளில் ஒன்று வாராவாரம் கறி எடுக்கும், மற்றொன்று சீட்டுக் கட்டும். வருமானம் ஏற ஏறச் சிதறல் விரிகிறது; ஹெட்டிரோசெடாஸ்டிசிட்டி என்பது இதுதான். அதனால் அந்த 44 பைசா ஒருபக்கம் சாய்ந்துவிடாது. அதன் திட்டப்பிழையைத்தான் வழக்கமான சூத்திரப்படி நம்ப முடியாது. இந்த வேறுபாட்டைப் பிடித்த மாணவருக்குப் பாதித் தாள் புரிந்த மாதிரி.

புத்தகத்தின் மீது எனக்கிருக்கும் குறை வேறு. மக்காச்சோளம் விற்ற மாதம் வருமானம் ஒரு மாதிரி, நூறு நாள் வேலைக் கூலி வராத மாதம் வேறு மாதிரி. வாரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் குத்துமதிப்பாகத்தான் பதில் வரும். வருமானம் போன்ற விளக்கும் மாறியில் இப்படித் தற்செயலான பிழை கலந்தால், அந்த 44 பைசா போன்ற சரிவு பூஜ்யத்தை நோக்கிச் சுருங்கி, உள்ள உறவு இருப்பதைவிட மெலிந்து தெரியும். குஜராத்தி இதை 13ஆம் அத்தியாயத்தில் வைத்திருக்கிறார். வகுப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் செமஸ்டர் முடிந்துவிடும். நம் ஊர்க் கணக்குக்கு இது தொடக்கத்திலேயே வேண்டும்.

ஆக, அத்தியாய வரிசைக்கு மதிப்பெண் குறைத்துப் புத்தகத்தைத் தேர்ச்சியாக்குகிறேன். தேறாதது கேள்வித்தாள். நிரூபணம் வேண்டும், இந்தியப் பொருளியல் பணித் தேர்வு எழுதுபவர் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் ஒரு வீட்டின் கணக்கைக்கூடத் தராமல் மூன்று மணி நேரம் எகனாமெட்ரிக்ஸ் எழுதச் சொல்வதை எதைச் சொல்லி நியாயப்படுத்துவது?

மாணவரே தன் தெருவின் 55 வீடுகளில் செலவுக் கணக்கெடுத்து வந்து எழுதட்டும். இந்த வட்டாரம் அறியாத வேலையும் அல்ல இது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுத்து 1918இல் புத்தகமாக்கினார். அவற்றில் ஒன்று பழைய தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு. 1916இல் தொடங்கிய அந்த ஊர்க் கணக்கை ஆய்வாளர்கள் 2008 வரை திரும்பத் திரும்பப் போய்ப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒரு தெருவின் 55 வீடுகள் சமவாய்ப்பு மாதிரி ஆகாது என்று ஆசிரியர்கள் மறுக்கலாம். மறுப்பு சரியே. ஏன் ஆகாது என்பதையே பத்து மதிப்பெண் கேள்வியாகக் கேட்கட்டும்.