முன்வரிசைக்கு வந்த பேஸ் கிட்டார்

1972 கோடை. ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ இசைத்தட்டின் ஒலிப்பதிவு முடிந்த கையோடு, டிரம்மர் பில் புரூஃபோர்டு யெஸ் ராக் குழுவை விட்டுக் கிங் கிரிம்சன் குழுவுக்குப் போய்விட்டார். அமெரிக்கச் சுற்றுப்பயணம் நெருங்கிவிட்டது. ஜான் லெனனுக்கு வாசித்திருந்த ஆலன் ஒயிட்டை அழைத்தார்கள். மொத்த நிகழ்ச்சியையும் பாடம் பண்ண அவருக்குக் கிடைத்தது மூன்றே நாள். அந்தத் தட்டின் தலைப்புப் பாடல் மட்டுமே ஏறத்தாழ 19 நிமிடம். தாளக்கட்டு எங்கே மாறும் என்று எளிதில் பிடிபடாது.

ஆள் மாறினால் ஆட்டம் எப்படி மாறும்? 1973இல் வந்த ‘யெஸ்சாங்ஸ்’ கச்சேரித் தொகுப்பில் பெரும்பாலும் ஒயிட், ‘பெர்பெச்சுவல் சேஞ்ச்’ போன்ற சிலவற்றில் புரூஃபோர்டு. அடுத்தடுத்துக் கேளுங்கள். ஜாஸில் ஊறிய புரூஃபோர்டின் அடி எதிர்பார்த்த இடத்தில் விழாது. ஸ்னேர் டிரம் கணீரென்று தனித்து நிற்கும். ஒயிட் கனமாக, நேராக அடிக்கிறார். நுணுக்கம் குறைகிறது, பாய்ச்சல் கூடுகிறது. பெரிய அரங்குகளுக்கு ஒயிட்டே பொருத்தம் என்பேன். ஒலிப்பதிவுக் கூடத்தில் மட்டும் புரூஃபோர்டு விட்டுச்சென்ற இடம் கடைசிவரை நிரம்பவில்லை.

இருவருக்கும் ஈடுகொடுத்தவர் கிறிஸ் ஸ்குவையர். 1968இல் லண்டனில் பாடகர் ஜான் ஆண்டர்சனோடு குழுவைத் தொடங்கியவர். பேஸ் கிட்டார் பின்னால் நின்று தாங்கினால் போதும் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. ரிக்கன்பேக்கர் பேஸைப் பிக்கால் மீட்டி, ஒலியைக் கூர்மையாக்கி முன்னே கொண்டுவந்தார். ‘ரவுண்டபவுட்’ பாடலில் ஸ்டீவ் ஹவ்வின் கிட்டாரும் ரிக் வேக்மேனின் கீபோர்டும் இருந்தும் ஓட்டத்தைத் தீர்மானிப்பது பேஸ்தான். சிறுவயதில் தேவாலயப் பாடகர் குழுவில் பாடிய பயிற்சி அவர் விரல்களிலும் இருந்தது. அவர் வாசிப்பதைத் தனி மெட்டாகவே முணுமுணுக்கலாம்.

பிறகு வந்த குழப்பங்கள் ஊரறிந்தவை. பரமஹம்ச யோகானந்தரின் சுயசரிதையிலுள்ள ஓர் அடிக்குறிப்பிலிருந்து ஆண்டர்சன் கரு எடுத்த 1973ஆம் ஆண்டு இரட்டைத் தட்டு வேக்மேனுக்கு ஒப்பவில்லை, 1974இல் விலகினார். 1980இல் ஆண்டர்சனே இல்லாமல் ‘டிராமா’ தட்டு வந்தது. ஆனாலும் 1984 ஜனவரியில் ‘ஓனர் ஆஃப் எ லோன்லி ஹார்ட்’ பாடல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. இத்தனைக்கும் நடுவே, ஸ்குவையர் 2015 ஜூனில் மறையும்வரை யெஸ்ஸின் ஒவ்வொரு ஸ்டுடியோ தட்டிலும் இருந்தார்.

அவர் விருப்பப்படியே பில்லி ஷெர்வுட் அந்த இடத்துக்கு வந்தார். சுரம் எங்கும் பிசகவில்லை. ஆனால் மற்றவர்களைத் தன் பின்னால் வரவைக்கும் அந்தத் துணிச்சல் எனக்குக் கேட்கவில்லை.