கூரையின் கீழ் நெடுந்தூர ஓட்டம்

நெடுந்தூர ஓட்டம் என்றவுடன் நம் மனக்கண் முன் எழுவது வெயிலும் காற்றும் மேடுபள்ளமும் உடன்வருகிற திறந்த வெளிதான். ஆந்திரம், தமிழகம், கர்நாடகம் ஆகிய மூன்று ராஜ்யங்களின் எல்லைகளும் நெருங்கி வருகிற இந்தச் சாந்திபுரத்துப் பக்கத்தில், ராணுவத்திலோ போலீஸிலோ சேர விரும்பி விடியுமுன் சாலையில் ஓடிப் பழகும் இளைஞர்களிடம் சென்று, 200 மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு தடத்தைக் கூரையின் கீழ் அமைத்து, அதைப் 15 முறை சுற்றி வந்தவனுக்குச் சர்வதேசப் பதக்கம் அளிக்கிறார்கள் என்று சொன்னால், செக்கைச் சுற்றும் மாட்டுக்கும் அவனுக்கும் என்ன பேதம் என்று அவர்கள் கேட்கக்கூடும். கேள்வி பரிகாசமாகத் தோன்றினாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஆகையால் உள்ளரங்கப் பந்தயத்தின் குணத்தையும் தோஷத்தையும் சற்று நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

இந்த வழக்கம் பனிக்காலத்தின் நிர்ப்பந்தத்தால் பிறந்தது. மாதக்கணக்கில் மைதானங்கள் உறைந்துகிடக்கும் தேசங்களில் ஓட்டக்காரர்கள் சோம்பிவிடாமல் இருக்கக் கூடங்களைத் தேடினார்கள். அந்த ஏற்பாடு வளர்ந்து, 1985இல் பாரிஸில் உலக உள்ளரங்க விளையாட்டாகவும், 1987இல் இண்டியானாபொலிஸில் உலகச் சாம்பியன்ஷிப்பாகவும் உருப்பெற்றது. ஆசியச் சாம்பியன்ஷிப்பாக அது 2004இல் டெஹ்ரான் நகரில் தொடங்கியது. பிறப்பு இப்படியிருப்பதால், இது வெறும் மழைக்கு ஒதுங்கிய ஓட்டம் என்று கருதுகிறவர்கள் உண்டு. அந்த அபிப்பிராயத்தை நான் ஏற்கவில்லை. இந்தப் பந்தயத்தின் உயிர் கூரையில் இல்லை, வளைவில் இருக்கிறது. உலகத் தடகளச் சம்மேளனமும் அண்மையில் சாதனைகளை வகுக்கும்போது கூரையை விட்டுவிட்டுத் தடத்தின் நீளத்தையே அளவுகோலாகக் கொண்டு, இவற்றைக் குறுந்தடச் சாதனைகள் என்று வழங்கத் தொடங்கியிருக்கிறது.

வளைவு செய்கிற காரியத்தைக் கணக்கால் காண்பது எளிது. வெளி மைதானத்தின் 400 மீட்டர்த் தடத்தில் வளைவின் ஆரம் சுமார் 36 மீட்டர். உள்ளரங்கத்திலோ அது 17 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 3,000 மீட்டரை 8 நிமிஷத்தில் ஓடும் வேகத்தில் செல்கிறவனுடைய சரீரம் வெளித் தடத்தின் வளைவில் ஏறக்குறைய 6 பாகை உட்புறம் சாய்ந்தால் போதும். குறுந்தடத்தில் 13 பாகை சாய வேண்டியிருக்கிறது. வளைவுகளை உட்சரிவாக உயர்த்திக் கட்டுவது இதற்காகத்தான். ஆயினும் அந்தச் சரிவு முழுச் சாய்வுக்கும் ஈடாகாதபோது, மீதியை ஓடுகிறவனுடைய கணுக்காலும் இடுப்புமே தாங்கியாக வேண்டும். 15 சுற்றுகளில் 30 வளைவுகள். அத்தனையும் இடப்புறமே திரும்புபவை. இடது காலும் வலது காலும் சமமாக உழைக்காத இந்த அமைப்பு, பழக்கமில்லாதவனுக்குச் சிரமத்தையும், இடைவிடாமல் இதிலேயே பயிற்சி செய்கிறவனுக்குக் காயத்தையும் தரவல்லது. இதைச் சிறிய தோஷம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

ஆனால் அதே வளைவிலிருந்துதான் இப்பந்தயத்தின் பெரிய குணமும் பிறக்கிறது. முன்னே செல்பவனுக்கு ஒரு மீட்டர் வெளிப்புறமாக ஓடுகிறவன் ஒவ்வொரு முழுச் சுற்றிலும் சுமார் 6.28 மீட்டர் அதிகமாக ஓடுகிறான். தடம் பெரிதாயினும் சிறிதாயினும் இந்த நஷ்டம் மாறுவதில்லை. ஆகவே வெளி மைதானத்தின் ஏழரைச் சுற்றில் 47 மீட்டரை இழக்கும் அஜாக்கிரதைக்காரன், உள்ளரங்கத்தின் 15 சுற்றுகளில் 94 மீட்டரை இழந்துவிடுகிறான். எங்கே நிற்பது, எந்த நேர்கோட்டில் முந்துவது, யாருடைய தோளுக்குப் பின் ஒளிந்து சக்தியைச் சேமிப்பது என்ற விவேகம், திறந்த மைதானத்தில் பாதி மறைந்து கிடப்பது, இங்கே கண்ணாடியில் தெரிவதுபோல் தெரிகிறது. பார்வையாளனும் தடத்துக்கு வெகு சமீபத்தில் அமர்ந்திருப்பதால், பின்தங்கியவன் மனம் தளரும் க்ஷணத்தைக்கூட அவன் கண்டுவிடுகிறான். 1999இல் ஜப்பானிலுள்ள மாயெபாஷியில் நடந்த உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பில் எத்தியோப்பியாவின் ஹைலே கெப்ரெசெலாசி 1,500, 3,000 மீட்டர் இரண்டிலும் வாகை சூடினார். அந்த இரட்டை வெற்றி ஆடவர் பிரிவில் மறுபடியும் கைகூடியது 2025இல் நான்ஜிங்கில், நார்வேயின் யாக்கோப் இங்கெப்ரிக்ட்ஸனுக்குத்தான். இத்தனை ஆண்டு இடைவெளியே இந்தக் கலையின் கடினத்துக்குப் போதிய சாட்சி.

இரட்டை வெற்றி என்று புகழ்ந்த கையோடு ஒரு குறையையும் சொல்லவேண்டும். உலக உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பில் மிக நீண்ட ஓட்டம் 3,000 மீட்டர்தான். ஐயாயிரமும் பத்தாயிரமும் அங்கே இல்லை. அதன் பலனாக, நெடுந்தூரம் என்ற பெயரில் நடப்பதில் நடுத்தூரக்காரன் புகுந்து விளைச்சலை அறுத்துப்போகிறான். 2024இல் கிளாஸ்கோவில் 3,000 மீட்டர் தங்கத்தைப் பெற்ற ஜாஷ் கெர், அதற்கு முந்தைய ஆண்டு வெளி மைதானத்தில் 1,500 மீட்டரின் உலகச் சாம்பியன். பத்தாயிரம் மீட்டர்க்காரனுடைய பொறுமைக்கும் தாங்கும் வலிமைக்கும் இங்கே பரீட்சையே இல்லை.

சீதோஷ்ணத்தின் பரீட்சையும் இல்லை. புதுக்கோட்டை ஜில்லாவைச் சேர்ந்த கோவிந்தன் லட்சுமணன் 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியச் சாம்பியன்ஷிப்பில் 5,000 மீட்டரை வென்றபோது அவர் எடுத்துக்கொண்ட நேரம் 14 நிமிஷம் 54.48 விநாடி, அடுத்த மாதமே லண்டன் உலகச் சாம்பியன்ஷிப்பில் அதே தூரத்தை 13 நிமிஷம் 35.69 விநாடியில் ஓடினார். ஒரு நிமிஷத்துக்கு மேற்பட்ட இந்த வேறுபாட்டில் தந்திரத்தின் பங்கு எவ்வளவு, ஒடிசாவின் புழுக்கத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆயினும் அந்தப் புழுக்கத்தில் வெல்வதும் ஓட்டக்காரனுடைய யோக்கியதையில் ஓர் அம்சம் என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் துர்க்மேனியாவின் தலைநகர் அஷ்காபாத்தில் நடந்த ஆசிய உள்ளரங்க விளையாட்டில் லட்சுமணன் 3,000 மீட்டரில் தங்கம் பெற்றார்; நேரம் 8 நிமிஷம் 2.30 விநாடி. உள்ளரங்கத் தடமே அரிதாயிருந்த தேசத்திலிருந்து சென்று வென்றதற்காக அதை நான் மெச்சுகிறேன். ஆனால் இரண்டு மாதத்துக்கு முன் புவனேசுவரத்தில் பெற்ற வெற்றியை அதற்கு மேலாகவே வைப்பேன்.

அலிகார் ஜில்லாவில் பிறந்த ராணுவ வீரர் குல்வீர் சிங்கின் சரித்திரம் இன்னும் போதனை நிறைந்தது. 2024 பிப்ரவரியில் டெஹ்ரானில் நடந்த ஆசிய உள்ளரங்கச் சாம்பியன்ஷிப்பில் 3,000 மீட்டரை 8 நிமிஷம் 7.48 விநாடியில் முதலாவதாக முடித்தவர், தடத்தின் எல்லையை மீறினார் என்ற தீர்ப்பால் தங்கத்தை இழந்தார். ஓராண்டு கழித்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், வளைவுகள் உயர்த்திக் கட்டப்பட்ட பல்கலைக்கழகத் தடத்தில், அதே தூரத்தை 7 நிமிஷம் 38.26 விநாடியில் ஓடினார். சில நாளில் 5,000 மீட்டரை 12 நிமிஷம் 59.77 விநாடியில் முடித்து, 13 நிமிஷத்துக்குள் வந்த முதல் இந்தியரானார். அந்தப் பந்தயத்தில் அவருடைய ஸ்தானம் நான்காவது என்பதையும் கவனிக்க வேண்டும். முதலாவதாக வந்த ஓட்டம் மந்தம். நான்காவதாக வந்த ஓட்டம் தேச சரித்திரம். தன்னைவிட வேகமானவர்களின் நடுவே நல்ல தடத்தில் ஓடும்போது மனிதன் தன் முழு அளவையும் காண்கிறான்; பதக்கத்தை மட்டும் குறிவைத்த மெதுவான கும்பலில் அவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை. உள்ளரங்கத்தின் உத்தமமான பயன் நம்மவர்க்கு இதுவரை சாம்பியன்ஷிப்பில் கிட்டவில்லை; இத்தகைய வேகப் பந்தயங்களில்தான் கிட்டியிருக்கிறது என்பது என் துணிபு.

டெஹ்ரானில் நேர்ந்ததைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லி முடித்துவிடுவது சுலபம். 2018இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில், வெளி மைதானத்திலேயே, 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்த லட்சுமணனும் தடத்துக்கு வெளியே கால் வைத்தார் என்று நீக்கப்பட்டதை நினைவுகூர்ந்தால், கோட்டை ஒட்டி ஓடும் நியமம் நம் பயிற்சியில் போதிய அழுத்தம் பெறவில்லையோ என்று சந்தேகிக்கத் தோன்றுகிறது. 36 மீட்டர் ஆரத்திலேயே வழுவக்கூடிய கால், 17 மீட்டர் ஆரத்தில், நெரிசலின் நடுவே, வழுவாமல் இருக்கவேண்டுமானால், அந்த வளைவில் முன்பே பலமுறை ஓடியிருக்கவேண்டும்.

அதற்காகச் சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ளரங்கத் தடங்கள் எழவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பனி விழாத நம் பிரதேசத்தில் அவ்வளவு திரவியத்தைக் கூரைக்குச் செலவிடுவது விவேகமன்று. அந்தப் பணத்தில் தாலுகாதோறும் ஒழுங்கான 400 மீட்டர் மைதானம் ஒன்றை அமைத்தால், இங்குள்ள பிள்ளைகள் லாரிகளுக்கு ஒதுங்கி ஓடும் நிலையாவது தீரும். தேசத்துக்கு இரண்டொரு உள்ளரங்கத் தடம் போதும். அவற்றில் ஒன்று புவனேசுவரத்தின் கலிங்க மைதான வளாகத்தில் இப்போது இருக்கிறது. தடகளச் சம்மேளனத்தார் ஆசியப் போட்டிகளுக்கு முன்னதாக நெடுந்தூர வீரர்களை அங்கே சில வாரம் தங்கவைத்து, விதிகளைக் கண்டிப்பாக அமல்செய்யும் நடுவர்களின் முன்னிலையில் ஓடவைத்து, அதன் பிறகே அயல்நாட்டுக்கு அனுப்பட்டும்.