குற்றவாளிக் கூண்டில் சர்க்கரை

அமெரிக்கப் பத்திரிகையாளரான வில்லியம் டஃப்டி எழுதிய 'ஷுகர் ப்ளூஸ்' என்னும் ஆங்கில நூல் 1975-ஆம் ஆண்டு வெளிவந்தது. 'ப்ளூஸ்' என்பது அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப் பாடல் வகை. மனச்சோர்வைக் குறிக்கவும் அதே சொல்தான் வழங்குகிறது. ஆகவே தலைப்பைச் 'சர்க்கரைச் சோகம்' என்று தமிழில் சொல்லலாம். பல லட்சம் பிரதிகள் விற்ற இந்நூலுக்கு இன்றும் வாசகர்கள் இருக்கிறார்கள்.

நான் படித்த பிரதி ஒரு நண்பருடையது. அவர் பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர். நூலைப் படித்து முடித்த கையோடு, எப்போதும் சட்டைப்பையில் வைத்திருக்கும் சர்க்கரைப் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டார். "விஷத்தைப் பையில் வைத்துக்கொண்டு திரிவானேன்?" என்று கேட்டார். இந்த மதிப்புரையை எழுத நேர்ந்தது அந்தப் பொட்டலத்தால்தான்.

டஃப்டி தம் சொந்தக் கதையோடு தொடங்குகிறார். ஒரு கூட்டத்தில் காப்பியில் சர்க்கரை போடப் போனவரை, ஊமைப் பட காலத்து நட்சத்திரமான குளோரியா ஸ்வான்சன் அது விஷம் என்று எச்சரிக்கிறார். பின்னர், தீராத தலைவலியும் சோர்வுமாக அலைந்த டஃப்டி சர்க்கரையை அடியோடு விட்டுவிடுகிறார். தொடக்கத்தில் பெரும் அவதி. பிறகு உடல் இளைக்கிறது, மனம் தெளிகிறது. (1976-இல் அந்த நடிகையையே மணந்தார் என்பது நூலுக்கு வெளியே உள்ள செய்தி.) எழுத்தில் விறுவிறுப்பு இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட வரலாற்றை அவர் சொல்லும் பக்கங்களைப் படித்தவர் எளிதில் மறக்க முடியாது.

அவருடைய ஐயங்களில் சில வீண் போகவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதய நோய்க்கான பழியைக் கொழுப்பின் பக்கம் திருப்பும் ஒரு கட்டுரைக்காக, அமெரிக்கச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு ஒன்று ஹார்வர்டு அறிஞர்களுக்கு 1960-களில் பணம் கொடுத்திருந்தது 2016-இல் ஆவணங்களுடன் வெளியாயிற்று. உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையிலிருந்து வரும் சக்தி, மொத்தச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவுறுத்தியது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவருக்கு இது சுமார் 50 கிராம். நம் வீடுகளில் காப்பி, டீ, பலகாரம் எல்லாம் கூட்டினால் இந்த அளவு மாலைக்குள்ளேயே தாண்டிவிடும். சர்க்கரையைக் குறையுங்கள் என்று மட்டும் டஃப்டி சொல்லியிருந்தால் யாருக்கும் சண்டை இல்லை.

ஆனால் அவர் சொல்வது அதுவன்று. சர்க்கரை ஒரு விஷம், அபினியைப் போன்ற போதைப் பொருள், மனித குலத்தின் உடல் நோய்களுக்கும் மன நோய்களுக்கும் மூலகாரணம் என்பது அவருடைய குற்றப்பத்திரிகை. அதற்கு அவர் கொண்டுவரும் சாட்சிகளை விசாரிப்போம்.

முதல் சாட்சி பிரெஞ்சு உடலியல் அறிஞர் மஜான்டி. அவர் நாய்களுக்குச் சர்க்கரையும் நீரும் மட்டுமே கொடுத்து வளர்த்தார். நாய்கள் மெலிந்து, கண்ணில் புண் கண்டு, சுமார் ஒரு மாதத்தில் இறந்தன. 1816-இல் வெளியான இச்சோதனை உண்மையானது. டஃப்டி இதை எடுத்துக்காட்டிச் சர்க்கரையின் நச்சுத்தன்மை நிரூபணமாகிவிட்டது என்கிறார். மஜான்டி அத்தோடு நிறுத்தவில்லை. வேறு நாய்களுக்கு ஆலிவ் எண்ணெயை மட்டும் கொடுத்துப் பார்த்தார். வெண்ணெயை மட்டும் கொடுத்துப் பார்த்தார். பிசினை மட்டும் கொடுத்துப் பார்த்தார். அவையும் அவ்வாறே மடிந்தன. இப்பொருள்கள் எவற்றிலும் நைட்ரஜன் இல்லை. உயிர்கள் தங்கள் உடலுக்கு வேண்டிய நைட்ரஜனை உணவிலிருந்தே பெற்றாக வேண்டும் என்பதுதான் அவர் கண்ட முடிவு. பின்னாளில் புரதம் பற்றி நாம் அறிந்தவற்றுக்கெல்லாம் அது ஓர் அடிப்படை. அதாவது நாய்கள் இறந்தது சர்க்கரை இருந்ததால் அல்ல, மற்றவை இல்லாததால். ஒரு சாட்சி சொன்னதில் பாதியை மட்டும் எழுதிக்கொண்டு மீதியை விட்டுவிடுவது நல்ல வழக்கறிஞர் செய்யும் வேலையாக இருக்கலாம். அறிவியல் எழுத்தாளர் செய்யக்கூடாது.

இரண்டாம் சாட்சி வரலாறு. ஐரோப்பாவில் மன நோயாளிகளைப் பெருவாரியாக அடைத்துவைக்கத் தொடங்கியது, சர்க்கரை சாதாரண மக்களின் கைக்கு வந்த காலத்தில்தான். ஆகவே சர்க்கரையே காரணம் என்கிறார். அதே காலத்தில் புகையிலை வந்தது, காப்பியும் டீயும் வந்தன, நகரங்கள் பெருத்தன. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சான்றாக ஏற்க முடியாது.

இனி நூலின் இதயமான பகுதிக்கு வருவோம். களைப்பு, படபடப்பு, எரிச்சல், தலைவலி, மனச்சோர்வு என்று மருத்துவரிடம் போகிறவர்களில் மிகப் பலருக்கு உண்மையில் இருப்பது 'இரத்தச் சர்க்கரைத் தாழ்வு' என்கிறார் டஃப்டி. சர்க்கரை உண்ண உண்ணக் கணையம் இன்சுலினை அளவுக்கு மீறிச் சுரக்கிறது. இரத்தச் சர்க்கரை சரிகிறது. அதைத் தூக்கி நிறுத்தி நிறுத்தி அட்ரீனல் சுரப்பிகள் ஓய்ந்துபோகின்றன. இதற்கு அவர் போற்றும் ஆசான்கள் இருவர்: அலபாமாவைச் சேர்ந்த சீல் ஹாரிஸ், நியூயார்க் வட்டாரத்து ஜான் டின்டேரா.

இதை எடைபோட, உடல் இவ்விஷயத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய வேண்டும். வெறும் வயிற்றில் நம் இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 70 முதல் 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கிறது. ஐந்து லிட்டர் இரத்தத்துக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி அளவுதான். மூளை மட்டுமே நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸைச் செலவிடுகிறது. அப்படியானால் அந்த ஒரு தேக்கரண்டி ஒரு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. ஆயினும் இரவு முழுவதும் உண்ணாமல் தூங்கி எழுகிறோம். கல்லீரல் தன்னிடமுள்ள கிளைக்கோஜன் சேமிப்பைக் கரைத்தும், புதிதாகக் குளுக்கோஸ் தயாரித்தும் இடைவிடாமல் இரத்தத்துக்கு வழங்கிக்கொண்டே இருக்கிறது.

சர்க்கரை 80-ஐ நெருங்கும்போதே இன்சுலின் சுரப்பு தணிகிறது. 70-க்குக் கீழே வரும்போது கணையத்தின் மற்றொரு ஹார்மோனான குளுக்ககானும், அட்ரீனல் சுரப்பியின் அட்ரீனலினும் களத்தில் இறங்குகின்றன. கார்டிசாலும் வளர்ச்சி ஹார்மோனும் சற்று மெதுவாக வந்து கைகொடுக்கின்றன. 55 அளவில் கை நடுக்கம், வியர்வை, நெஞ்சுப் படபடப்பு, கடும் பசி. அதற்கும் கீழே போனால் மூளையே பட்டினி: பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும், வலிப்பும் மயக்கமும் வரும்.

நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் பெரும்பாலும் அட்ரீனலினால் வருபவை. பயந்தாலும், கவலைப்பட்டாலும், கடன்காரன் கதவைத் தட்டினாலும் அதே அட்ரீனலின் சுரக்கிறது. அதே அறிகுறிகள் தோன்றுகின்றன. ஆகவே அறிகுறியை மட்டும் வைத்து 'சர்க்கரை இறங்கிவிட்டது' என்று சொல்ல வழியில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஆலன் விப்பிள் 1938-இல் மூன்று நிபந்தனைகளை வகுத்தார். அறிகுறி இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். குளுக்கோஸ் கொடுத்ததும் அறிகுறி மறைய வேண்டும். இன்றும் மருத்துவர்கள் இதையே உரைகல்லாகக் கொள்கிறார்கள்.

அந்நாளில் பலருக்குச் 'சர்க்கரைத் தாழ்வு' என்று பெயர் சூட்டிய சோதனை வேறு. குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, ஐந்தாறு மணி நேரம் இரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள். ஏதாவது ஒரு வேளையில் அளவு 50-ஐத் தொட்டுவிட்டால் நோயாளி என்று முத்திரை. எந்தக் கோளாறும் இல்லாதவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இச்சோதனையில் சர்க்கரை 50-க்குக் கீழே இறங்குகிறது. அவர்கள் எதையும் உணர்வதுகூட இல்லை. நாம் அன்றாடம் வெறும் வயிற்றில் குளுக்கோஸ் கரைசலை மட்டும் குடித்து வாழ்கிறவர்களும் அல்ல. அமெரிக்க நீரிழிவுச் சங்கமும், மருத்துவச் சங்கமும், நாளமில்லாச் சுரப்பியியல் அறிஞர் சங்கமும் 1973-இலேயே கூட்டறிக்கை வெளியிட்டு, இந்நோய் பரவலாக இருப்பதாகச் சொல்வதற்குச் சான்றில்லை என்று மறுத்தன. நூல் வெளிவந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து.

சீல் ஹாரிஸின் கண்டுபிடிப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. இன்சுலின் அளவு மிகுந்துபோன நீரிழிவு நோயாளிகளுக்கு வரும் அறிகுறிகளை, இன்சுலினே போட்டுக்கொள்ளாத சிலரிடமும் கண்டு 1924-இல் எழுதினார். உடலே இன்சுலினை மிகையாகச் சுரக்கலாம் என்ற அவர் கருத்துக்கு மூன்றே ஆண்டுகளில் திடமான ஆதாரம் கிடைத்தது. மேயோ மருத்துவமனையில் அடிக்கடி மயங்கி விழுந்த ஒரு மருத்துவரின் கணையத்தில் கட்டி இருந்தது. அது கல்லீரலுக்கும் பரவியிருந்தது. அந்தக் கட்டியின் சாற்றை முயல்களுக்குச் செலுத்தியபோது அவற்றின் இரத்தச் சர்க்கரை சரிந்தது. 1929-இல் டொரான்டோவில் ராஸ்கோ கிரஹாம் இத்தகைய கட்டி ஒன்றை வெட்டி எடுத்து நோயாளியைக் குணப்படுத்தினார். இது அரிதான நோய். ஆனால் உண்மையான நோய். இதற்கு வேண்டியது கத்தி. மிட்டாயை விடுவதால் இது தீராது.

அட்ரீனல் கதையும் இப்படியே. சர்க்கரை உண்பதால் அட்ரீனல் சுரப்பிகள் 'களைத்துப்போகும்' என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் அச்சுரப்பிகள் அழிந்துபோவது உண்டு. 1855-இல் தாமஸ் அடிசன் விவரித்த நோய் அது. கார்டிசால் இல்லாமல் எடை குறையும், தோல் கறுக்கும், இரத்த அழுத்தம் தாழும், பட்டினி கிடந்தால் சர்க்கரையும் இறங்கும். காசநோய் இன்னும் ஒழியாத நம் நாட்டில் அதற்குக் காசநோயே ஒரு முக்கிய காரணம் என்பதை மறக்கலாகாது. மற்றொன்று, 1937-இல் ஷீஹன் விவரித்தது. பிரசவத்தில் மிகுந்த இரத்தப்போக்கு ஏற்பட்ட பெண்ணின் பிட்யூட்டரி சுரப்பி இரத்தமின்றிக் கருகிவிடும். தாய்ப்பால் சுரக்காது, மாதவிலக்கு திரும்பாது, குளிர் தாங்காது, எப்போதும் அசதி. ஒரு வேளை சாப்பாடு தவறினால் மயக்கம். இத்தகைய பெண்ணைப் 'பிள்ளை பெற்ற உடம்பு, பலவீனம்தான்' என்று ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். கார்டிசாலுக்கும் தைராய்டு ஹார்மோனுக்கும் ஈடான மாத்திரைகள் கொடுத்தால் அவள் எழுந்து நடமாடுவாள். கொடுக்காவிட்டால் ஒரு காய்ச்சலில் உயிரே போகலாம். டஃப்டியின் நூலைப் படித்து, தன் களைப்புக்குச் சர்க்கரைதான் காரணம் என்று நம்பி அவள் வீட்டிலேயே இருந்துவிட்டால் அதற்கு யார் பொறுப்பு? இந்நூலின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். உண்மையான ஹார்மோன் குறைகளை அது கற்பனைக் குறைகளின் கூட்டத்தில் ஒளித்துவிடுகிறது.

'அப்படியானால் டஃப்டி சொன்னபடி நடந்து சுகமடைந்தவர்கள் பொய் சொல்கிறார்களா?' என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. இனிப்பைக் குறைத்து, பருப்பு, முட்டை, காய்கறிகளைச் சேர்த்து, சிறிது சிறிதாகப் பலமுறை உண்டால் உணவுக்குப் பின் சர்க்கரை வேகமாக ஏறி இறங்குவது குறையும். சிலருக்குப் படபடப்பும் அடங்கும். இரைப்பையில் அறுவை நடந்தவர்களுக்கு இதுவே முதல் சிகிச்சை. காலையில் வெறும் காப்பியோடு வேலைக்கு ஓடுகிறவர் ஒழுங்காக இட்லி சாம்பார் சாப்பிடத் தொடங்கினாலும் தெம்பு வரத்தான் செய்யும். நன்மை உண்டு என்பதற்காக அவர் கூறும் காரணம் சரியாகிவிடாது. (வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் வெல்லம், பனைவெல்லம் என்று மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை: அவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான்.)

கடைசியாக என் நண்பரின் பொட்டலம். அவர் சாப்பிடுவது கிளிபென்கிளமைடு. கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும் மருந்து அது. மதியச் சாப்பாடு தாமதமானாலும் மாத்திரை தன் வேலையை நிறுத்தாது. நம் நாட்டில் சர்க்கரைத் தாழ்வுக்கு ஆளாகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படி மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள்தாம். நடுக்கமும் வியர்வையும் கண்டவுடன் மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும். பிறகு கட்டாயம் உணவு. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும், உடனே மருத்துவமனை. கிளிபென்கிளமைடு உண்டவர் தெளிந்த பிறகும் சில மணி நேரத்தில் மறுபடி மயங்கக்கூடும் என்பதால் அவரைத் தனியே விடக்கூடாது. டஃப்டி விஷம் என்று தூற்றும் பொருள் இவர்களுக்கு அந்த நிமிடத்தில் மருந்து.

நண்பர் மறுபடி பொட்டலம் வைத்துக்கொள்ளத் தொடங்கிவிட்டார். ஆனால் இப்போது அதில் இருப்பது குளுக்கோஸ் தூள். மருத்துவர் அவருக்கு அகார்போஸ் என்னும் மாத்திரையையும் சேர்த்திருக்கிறார். சாதாரணச் சர்க்கரையைக் குடல் உடைத்துக் குளுக்கோஸாக்குவதை அது தாமதப்படுத்திவிடும். ஆகவே அதைச் சாப்பிடுகிறவருக்கு அவசர வேளையில் வெள்ளைச் சர்க்கரையை நம்ப முடியாது, குளுக்கோஸே வேண்டும். டஃப்டியின் நூலில் இச்செய்தி இல்லாததற்கு அவரைக் குறை சொல்ல முடியாது. அம்மருந்து விற்பனைக்கு வந்ததே நூல் வெளியாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான்.