சாமுவேலும் சவுலின் உயரமும்

இஸ்ரவேலுக்கு முதல் ராஜா வந்த கதையைச் சொல்வது சாமுவேலின் முதல் புத்தகம். கி.மு. 11ஆம் நூற்றாண்டு. கோத்திரம் கோத்திரமாகப் பிரிந்து கிடந்த மக்களைப் பெலிஸ்தர் நெருக்குகிறார்கள். இவ்வளவு பெரிய விஷயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு தாய் பிள்ளைக்கு அங்கி தைப்பதைச் சொல்ல நின்றுவிடுகிறார் எழுதியவர்.

அழுது வேண்டிப் பெற்ற சாமுவேலை, பால் மறந்ததும் சீலோவின் ஆலயத்தில் விட்டுவிட்டவள் அன்னாள். வருஷந்தோறும் கணவன் எல்க்கானாவோடு பலியிட வரும்போது சின்ன அங்கி ஒன்று தைத்துக் கொண்டுவருவாள். எழுதியிருப்பது அவ்வளவுதான். ஆனால் அளவெடுக்கப் பிள்ளை பக்கத்தில் இல்லையே! போன வருஷம் பார்த்த தோளை நினைவில் வைத்து, இதற்குள் எவ்வளவு வளர்ந்திருப்பான் என்று மனக்கணக்கிலேயே அல்லவா அவள் துணியை வெட்டியிருக்க வேண்டும்?

அந்தப் பிள்ளையை ஒரு ராத்திரி கர்த்தர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். தன்னை வளர்க்கும் ஆசாரியன் ஏலியின் குடும்பத்துக்கு வரப்போகும் அழிவுதான் செய்தி. சிறுவன் ஓடவில்லை, கத்தவில்லை. விடியும்வரை படுத்துக் கிடந்துவிட்டு எழுந்து ஆலயக் கதவுகளைத் திறக்கிறான். அதைச் சொன்ன பிறகுதான், ஏலியிடம் சொல்ல அவன் பயந்தான் என்கிறது கதை. முதலில் அன்றாட வேலை, அப்புறம் பயம். இந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும்.

பெத்தேல், கில்கால், மிஸ்பா என்று ஆண்டுதோறும் சுற்றிவந்து நியாயம் தீர்த்த சாமுவேலின் நடுவயது வேகமாகக் கடந்துபோகிறது. பெயெர்செபாவில் நியாயாதிபதிகளாக இருந்த அவருடைய மகன்கள் பரிதானம் வாங்குகிறார்கள். எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று மூப்பர்கள் ராமாவுக்கு வந்து நிற்கிறார்கள். கிழவருக்கு அது பிடிக்கவில்லை.

பிடிக்காத வேலையை அவர் செய்யும் விதத்தில்தான் எழுத்து கனிகிறது. காணாமல் போன அப்பாவின் கழுதைகளைத் தேடி வருகிறான் சவுல். யாரும் அவன் தோளுக்கு மேல் வரமாட்டார்கள், அத்தனை உயரம். தண்ணீர் மொள்ள வந்த பெண்களிடம் ஞானதிருஷ்டிக்காரரான சாமுவேலைப் பற்றி விசாரித்தால், அவர் இன்றைக்குத்தான் வந்தார், மேட்டில் பலி இருக்கிறது, அவர் போய் ஆசீர்வதித்தால்தான் சாப்பிடுவார்கள் என்று கேளாததையும் சேர்த்துக் கொட்டுகிறார்கள். ஏறக்குறைய 30 பேர் உட்கார்ந்த விருந்தில், முன்கூட்டியே எடுத்துவைக்கச் சொல்லியிருந்த தொடைக்கறியைச் சமையற்காரன் கொண்டுவந்து சவுல் முன் வைக்கிறான். பிறகு மொட்டைமாடியில் பேச்சு. விடிந்ததும் ஊர் எல்லைவரை கூடவே நடந்துபோய், வேலைக்காரனை முன்னே அனுப்பிவிட்டு, குப்பியிலிருந்த தைலத்தை அவன் தலையில் வார்த்து முத்தமிடுகிறார் சாமுவேல். ராஜாவே வேண்டாம் என்றவர், வந்த பையனை வீட்டுப் பிள்ளையைப் போல நடத்துகிறார்.

அதனால்தான் பிரிவு அவ்வளவு வலிக்கிறது. அமலேக்கியர் மேல் போன சவுல் சொன்னபடி நடக்கவில்லை. அவனைத் தள்ளிவிட்டதாகக் கர்த்தர் சொல்கிறார். சாமுவேல் ராமுழுக்கக் கூப்பிட்டு அழுகிறார். கில்காலில் அவர் திரும்பி நடக்க, சவுல் அவருடைய அங்கியின் ஓரத்தைப் பிடிக்க, அது கிழிகிறது. கிழிசலைக் காட்டியே ராஜ்யம் கிழிக்கப்பட்டதென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார். கதை அங்கே முடிந்திருந்தால் அவர் வெறும் கடுமையான மனிதர். ஆனால் மூப்பர்கள் முன்னால் என்னைக் கனம்பண்ணும் என்று சவுல் கெஞ்சியதும், கிழிந்த அங்கியோடு அவன் பின்னாலேயே திரும்பிப் போகிறார். அதற்குப் பின் உயிரோடு இருந்தவரை அவனைப் பார்க்கப் போகவில்லை. துக்கப்படுவதை மட்டும் விடவில்லை.

அடுத்த ராஜாவைத் தேர்ந்தெடுக்கப் பெத்லெகேமுக்குப் போகிறார். ஈசாயின் மூத்த மகன் எலியாப் உள்ளே வந்ததுமே, இவன்தான் என்று முடிவுகட்டிவிடுகிறார். அவன் உயரத்தைப் பார்க்காதே என்று கடவுளே சொல்லித் தடுக்க வேண்டியிருக்கிறது. ஞானதிருஷ்டிக்காரரின் கண் ஏன் இப்படித் தவறியது? அந்தக் கண்ணில் இன்னும் சவுல் நிற்கிறான் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆடு மேய்க்கப் போன கடைக்குட்டி தாவீதின் முறை, ஏழு அண்ணன்மார் கடந்த பிறகுதான் வருகிறது.

சாமுவேல் இறந்து ராமாவில் அடக்கமான பிறகும் எழுதியவர் இருவரையும் விடவில்லை. பெலிஸ்தரின் சேனையைக் கண்டு நடுங்கிய சவுல், மாறுவேடத்தில் எந்தோரில் குறிசொல்லும் பெண்ணிடம் போய் அவரை எழுப்பச் சொல்கிறான். அங்கி போர்த்த கிழவர் ஒருவர் ஏறிவருகிறார் என்று அவள் சொன்னதுமே அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. தான் கிழித்ததல்லவா!

செத்தும் சாமுவேல் இளகவில்லை. நாளை நீயும் உன் பிள்ளைகளும் என்னோடு இருப்பீர்கள் என்கிறார். சாவுச் செய்தியை வேறெப்படியும் சொல்லியிருக்கலாம்; ‘என்னோடு’ என்கிறார். சவுல் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுகிறான். ஜனங்கள் வியந்த உயரம் முழுக்க மண்ணில். பகலும் இரவும் சாப்பிடாதவனுக்கு அந்தப் பெண்ணே கொழுத்த கன்றை அடித்து, புளிப்பில்லாத அப்பம் சுட்டு, வற்புறுத்திச் சாப்பிட வைக்கிறாள். தொடைக்கறி எடுத்துவைத்து ராஜாவாக்கியவர் இல்லாத இடத்தில், அவனே நாட்டைவிட்டுத் துரத்திய கூட்டத்தைச் சேர்ந்த ஒருத்தி பரிமாறுகிறாள்.