‘வேகம்’ என்னும் சொல்லும் கணினிச் செயலியும்

கணினியின் செயலியைப் பற்றிப் பேசும்போது அதன் ‘வேகம்’ இத்தனை கிகாஹெர்ட்ஸ் என்கிறோம். விற்போர் சொல்வதும் அதுவே. மாணவர்க்கு நாம் எழுதித் தரும் குறிப்புகளிலும் அச்சொல்லே நிற்கிறது. அது பொருந்தாச் சொல் என்பது என் கருத்து. பொருந்தாமையால் விளையும் கேட்டையும் நேரிற் கண்டேன்.

2023-இல் சுங்கை சோ வட்டாரத் தோட்டப் பள்ளி ஒன்றுக்கு, அலுவலகம் ஒன்றில் கழித்த மேசைக் கணினிகளை நன்கொடையாகத் தர ஒருவர் முன்வந்தார். பார்வையிடச் சென்றவருள் நானும் ஒருவன். பழைய பொறியின் திரையில் ‘பெண்டியம் 4, 3.00’ என்றிருந்தது. உடன்வந்த ஆசிரியரின் புது மடிக்கணினியில் ‘ஐ5-1235யு, 1.30’ என்றிருந்தது. “ஐயா, பழசுதான் ரெண்டு மடங்குக்கு மேல வேகம், மடிக்கணினிக்கு ஏன் காசு சேர்க்கணும்?” என்றார் பெற்றோர் சங்கத்து அன்பர் ஒருவர். அவரைக் குறைகூற எனக்கு மனமில்லை. வேகம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாம். அவர் எண்களை ஒப்பிட்டார், அவ்வளவே.

ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு நூறு கோடி துடிப்பு. துடிப்பு எத்தனை என்பது வேறு. ஒரு துடிப்பில் எவ்வளவு பணி முடிகிறது என்பது வேறு. சீரின் எண்ணிக்கை கொண்டு செய்யுளின் பொருளாழத்தை யாரேனும் அளப்பரோ? ஏழு சீர்க் குறளை நெடிய விருத்தத்தின் அருகே வைத்து, சீர் குறைந்ததால் பொருளும் குறைந்தது என்று எழுதும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் தருவதில்லை.

பெண்டியம் 4 துடிப்பெண்ணை உயர்த்தவென்றே வகுக்கப்பெற்ற செயலி. 2000 நவம்பரில் 1.4, 1.5 என்னும் அளவுகளில் வெளிவந்தது. அதன் அமைப்பை விளக்க, தீயணைக்க வாளி கைமாற்றும் வரிசையைக் கூறலாம். பத்துப் பேர் நின்றால் ஒவ்வொருவரும் சில அடி நடக்க வேண்டும். இருபது பேர் நின்றால் கையை நீட்டினாற் போதும், தாளம் விரைவுபடும். இன்டெல் முதலில் இருபது படிகள் வைத்தது, 2004-இல் முப்பத்தொன்றாக்கியது. ஆனால் அடுத்து வேண்டியது எது என்று ஊகித்து அனுப்பிய வாளி தவறானதாயின், வரிசை முழுவதையும் காலிசெய்து மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீள நீள இந்த இழப்பும் நீளும். சூடும் மிகுந்தது. 2004 அக்டோபரில் நான்கு கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4-ஐ வெளியிடும் திட்டத்தையே இன்டெல் கைவிட்டது. 2006-இல் அதே நிறுவனத்தின் கோர் 2 டியோ, இரண்டுக்கும் குறைந்த கிகாஹெர்ட்ஸில் இயங்கியே தன் முன்னோனை வென்றது. போட்டி நிறுவனமான ஏஎம்டி இதை முன்பே உணர்ந்து, 2001-இல் 1.53-இல் துடிக்கும் செயலிக்கு ‘1800+’ என்று பெயரிட்டது. எண்ணின் மயக்கத்தை எண்ணாலேயே தீர்க்க முயன்ற தந்திரம் அது!

இனி அந்த மடிக்கணினி. 2022-இல் வந்த அதன் செயலியில் கோர் எனப்படும் பணியுறுப்புகள் பத்து. பெண்டியம் 4-இல் ஒன்று. பழையது ஒரு துடிப்பில் மூன்று நுண்பணிகளை ஏற்கும்; புதியதன் பெரிய கோர் ஆறு ஏற்கும். திரையிற் கண்ட 1.30 அதன் அடித்தளத் துடிப்பே; வேலை வரின் 4.4 வரை ஏறும். மின்சாரத்திலோ, பழைய செயலி மட்டுமே எண்பது வாட்டுக்கு மேல். புதியதற்கு அடிப்படை அளவு 15 வாட். நேர்மையாகச் சொல்வதானால், முழுமூச்சில் இயங்கும் சிறுபொழுதில் அதுவும் 55 வரை உண்ணும்.

விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு ஒரே ஒரு கிகாஹெர்ட்ஸ்தான். ஆயினும் இரண்டு கோராவது வேண்டும் என்கிறது. மூன்று பெற்ற நம் பெண்டியம் 4 அந்த வாயிலில் நின்றுவிடும்.

‘செயலி’ என்னும் சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. கைப்பேசியில் இறக்கிக்கொள்வதும் செயலி, கணினியின் உள்ளிருக்கும் சில்லும் செயலி. பின்னதை ‘நுண்செயலி’ என்றே எழுதிவந்தால் குழப்பம் குறையும். ‘வேகம்’ இருக்குமிடத்தில் ‘துடிப்பெண்’ எனலாம். நாடித்துடிப்பு மிகுந்தவன் நன்றாக ஓடுவான் என்று எந்த மாணவனும் எண்ணமாட்டான். இதனினும் சிறந்த சொல்லைத் தமிழாசிரிய நண்பர்கள் தந்தால் ஏற்பேன்.

அப்பள்ளி இரண்டே மேசைக் கணினிகளைப் பெற்றுக்கொண்டு, மற்றவற்றை நன்றியுடன் மறுத்தது. தமிழில் வினாத்தாள் தட்டச்சு செய்ய அவை இன்றும் தாராளமாகப் போதும். ஒன்று பழுதானபோது திறந்து காட்டினோம். செயலியின் உலோக மூடியில் ‘மலாய்’ என்று பொறித்திருந்தது. இன்டெல் 1972-இல் பினாங்கில் தொழிற்சாலை தொடங்கியதை அன்று சொன்னேன். பிள்ளைகள் அந்தச் சில்லைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.