வேமனர் பாடல்களில் மகுடமும் வாழ்க்கைக் கதையும்

முன்னுரை

தெலுங்கு மக்களின் நாவில் மிகுதியாகப் பயிலும் அறப்பாடல்கள் வேமனருடையவை. அவர் 17ஆம் நூற்றாண்டையொட்டி வாழ்ந்தவர் என்பர் பலர். அதற்கு முற்பட்டவர் என்போரும் உளர். காலமே உறுதிப்படாத நிலையில் அவர்தம் வாழ்க்கை மட்டும் விரிவான கதையாக வழங்குகிறது. அக்கதையின் துணைகொண்டு பாடல்களுக்குப் பொருள் காண்பது பொருந்துமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மகுடமும் கதையும்

ரெட்டி குலத்தில் தோன்றிய வேமனர் இளமையில் பரத்தையிடம் மயங்கி, அண்ணியால் திருந்தினார் என்பது மரபுக் கதை. அபிராமன் என்னும் பொற்கொல்லனுக்கு யோகி ஒருவர் அருளவிருந்த உபதேசத்தைத் தாம் பெற்றுக்கொண்ட வேமனர், நன்றிக்கடனாக அவன் பெயரைப் பாடல்தோறும் அமைத்தார் என்றும் அக்கதை கூறும். மகுடத்தில் வரும் ‘அபிராம’ என்பதோ, ‘மனத்துக்கினியவன்’ என்று பொருள்படும் பொதுச்சொல். இறைவனை விளிப்பதாகவும் கொள்ள இடமுண்டு. எனவே, சொல்லை விளக்கக் கதை பிறந்தது எனக் கொள்வதே பொருத்தமாகும். பிறந்தபோதே ‘சிவ’ என்று ஒலித்தமையால் சிவவாக்கியர் எனப் பெயர் பெற்றார் என்னும் தமிழ்க் கதையும் இத்தகையதே.

யாப்பும் பெருக்கமும்

வேமனர் பெரிதும் கையாண்ட ஆடவெலதி, நான்கடி கொண்ட தேசி யாப்பு. ஈற்றடியை மகுடம் கொள்வதால் கருத்து மூன்றடிக்குள் நிறைவுபெற வேண்டும். புகழ்பெற்ற பாடலொன்றில், உப்பும் கற்பூரமும் தோற்றத்தில் ஒத்தும் சுவையில் வேறுபட்டும் இருப்பதை முதலிரண்டடிகள் சொல்கின்றன. மக்களுள் சான்றோர் வேறாவர் என மூன்றாமடி முடிக்கிறது. உவம உருபு இன்றி இரண்டையும் அருகருகே நிறுத்தும் இம்முறை, தமிழணியியல் கூறும் எடுத்துக்காட்டுவமையை ஒத்தது. இச்செறிவு பாடலை எளிதில் நினைவில் நிறுத்துகிறது.

அவ்வமைப்பே மற்றொரு விளைவுக்கும் வழிவகுத்தது. ஈற்றடி ஆயத்தமாக இருப்பதால், மூன்றடி புனையவல்ல எவரும் அதனை வேமனர் பாடலாக உலவவிட இயலும். சி.பி.பிரௌன் 1829இல் பதிப்பித்த தொகுப்பில் 693 பாடல்கள் இருந்தன. 1839ஆம் ஆண்டுப் பதிப்பில் அவை 1164 ஆயின. சுவடிகளைத் தேடுந்தோறும் பாடல்கள் பெருகின. அவற்றுள் எவை ஒருவர் வாக்கு என்பதை மகுடத்தைக்கொண்டு மட்டும் துணிய இயலாது.

முரண்களும் தீர்வும்

சாதி வேற்றுமையையும் கல்லை வணங்குவதையும் கடியும் பாடல்களோடு, பெண்களைப் பழிப்பனவும் ரசவாதம் பேசுவனவும் இத்தொகுதிகளில் உள்ளன. இவற்றை இளமைக்கால வாக்கு, துறவுக்கால வாக்கு எனப் பகுத்து முரணை நீக்குவது எளிது. ஆயின், பாடலிலிருந்து கிளைத்த கதையைப் பாடலுக்கே சான்றாக்குவது சுழல்வாதமாகும்.

முடிவுரை

வேமனரை ஒரு தனிமனிதராக மட்டுமன்றி, மகுடத்தால் இணைந்த ஒரு பாடல் மரபாகவும் காண்பதே தக்கது. இதனால் அப்பாடல்களின் சமூக விமரிசனம் வலுவிழப்பதில்லை. தம் பெயரை மறைத்து வேமனர் பெயரில் பாடியோர் பலராயின், அக்கண்டனக் குரல் ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதே புலப்படும். அதேபோல், பெண்பழிப்பும் அம்மரபின் ஒரு கூறே என்பதை ஏற்றாக வேண்டும். சித்தர் பாடல்களைத் தமிழில் ஆராய்வோருக்கும் இந்நெறி பொருந்தும்.