ஓட்டக்காரரின் விசையை எங்கே அளப்பது?

முந்திரி மூட்டை ஏற்றிய லாரி எடைமேடையில் ஏறினால், அடியில் இருந்து எடை சொல்வது லோடு செல். பண்ருட்டி, நெய்வேலி வட்டாரத்துக்கு அது பழகிய பொருள். அதே லோடு செல்லால் ஓட்டக்காரரின் கால் தள்ளும் விசையையும் அளக்கலாம். முத்தாண்டிக்குப்பம் போன்ற ஊரின் மண் மைதானத்தில் ஓடிப் பழகும் பிள்ளைகளுக்கு இப்படியொரு கருவி செய்தால் அதை எங்கே பொருத்துவது? விடை தவறினால் பணமும் வீண், பிள்ளைகளின் உழைப்பும் வீண்.

லாரி அசையாமல் நிற்கும். எண் நிலைப்படும்வரை காத்திருக்கலாம். முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையில் இருப்பதோ ஏறக்குறைய 0.1 நொடி. மலிவான எடைக்கருவிகளில் பரவலாக உள்ள எச்எக்ஸ்711 சில்லு நொடிக்கு அதிகபட்சம் 80 அளவுகளே எடுக்கும். ஒரு காலடிக்கு எட்டுப் புள்ளிதான் கிடைக்கும். விசையின் உச்சம் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே தப்பிவிடும். லோடு செல்லில் குறையில்லை. நொடிக்கு 1000 அளவு எடுக்கும் சில்லு வேண்டும், அவ்வளவே.

அடுத்தது, தரையில் பதிக்கும் விசைத்தட்டு. ஜப்பானில் கனோயாவில் உள்ள தேசிய உடற்கல்வி நிறுவனத்தில் 50 மீட்டர் ஓடுபாதை நெடுக விசைத்தட்டுகள் உண்டு. நமக்கு வாய்ப்பது ஒரே தட்டு. அதை மிதிக்க வேண்டும் என்று தெரிந்ததுமே பிள்ளை அடியைக் குறுக்கும் அல்லது நீட்டும். அப்போது அளக்கப்படுவது அதன் இயல்பான ஓட்டமல்ல. இதற்கு நொடிக்கு 240 படம் எடுக்கும் கைப்பேசியே மேல். கால் தரையில் 0.11 நொடியும் காற்றில் 0.12 நொடியும் இருந்தால், 0.23-ஐ 0.11-ஆல் வகுக்க, சராசரிச் செங்குத்து விசை உடல் எடையைப் போல் 2.1 மடங்கு. தரையில் இருந்த நேரத்தை ஒரு படம் தவறாக எண்ணினாலும் பிழை ஏறக்குறைய நான்கு விழுக்காடுதான்.

ஷூவுக்குள் வைக்கும் அழுத்த உணரியை நான் ஏற்கவில்லை. அது பாதத்துக்குச் செங்குத்தான அழுத்தத்தை மட்டுமே அறியும். ஆனால் 100 மீட்டரில் மொத்த விசையின் அளவைவிட அதை முன்னோக்கித் திருப்பும் திறனே முக்கியம் என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழான்-பெனுவா மொரேன் குழு 2011-இல் காட்டியது. அந்தத் திசை ஷூவின் உணரிக்குத் தெரியவே தெரியாது.

எஞ்சுவது, ஓட்டம் தொடங்கும்போது கால் ஊன்றித் தள்ளும் ஸ்டார்ட்டிங் பிளாக். என் தேர்வும் அதுதான். கால் எங்கே விழும் என்ற சிக்கல் அங்கில்லை. தள்ளும் நேரமும் 0.35 நொடி அளவுக்கு நீள்கிறது. அளவு சரியா என்று நாமே சோதிக்கவும் முடியும். 50 கிலோ எடையுள்ள மாணவர் நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பிளாக்கை விட்டால் உந்தம் 150 நியூட்டன்-நொடி. சராசரிக் கிடைவிசை ஏறக்குறைய 430 நியூட்டன். கைப்பேசிப் படத்தில் கிடைக்கும் வேகத்தோடு இது பொருந்தாவிட்டால் முதலில் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு காலுக்கும் கிடைவிசை, செங்குத்து விசை இரண்டையும் தனித்தனியே அளக்க வேண்டும். வெயிலில் உலோகம் சூடேறி அளவு நகரும் என்பதால், ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் கால் வைக்காத பிளாக்கில் பூஜ்ஜியம் சரிபார்ப்பதும் கட்டாயம். மண்ணில் நீண்ட ஆணி அடித்து இறுக்காவிட்டால் பிளாக்கே பின்னால் நகர்ந்துவிடும்.

தொடக்கத்தில் ஓட்டக்காரர் அசைந்துவிட்டார் என்று பிளாக்கில் உள்ள கருவி முடிவுசெய்யும் விசை எல்லை எவ்வளவு என்பதே எனக்கு மிகவும் கவலை தரும் இடம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தடை ஓட்டத்தின் தொடக்கமே சர்ச்சையானது. பிறகு சீனாவின் வூ யான்னி தவறான தொடக்கத்துக்காகத் தகுதியிழந்ததால், 12.91 நொடியில் மூன்றாவதாக வந்த இந்தியாவின் ஜோதி யாராஜிக்கு வெள்ளி கிடைத்தது. உலக தடகள விதிப்படி 0.100 நொடிக்குக் குறைவான எதிர்வினை தவறான தொடக்கம். 2022-இல் யூஜீனில் நடந்த உலகத் தடகளப் போட்டியில் அமெரிக்கத் தடை ஓட்டக்காரர் டெவன் ஆலன் 0.099-க்காக வெளியேற்றப்பட்டார். ஆனால் அந்தக் கணக்கு எந்த விசையில் தொடங்குகிறது? 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்கங்களை ஆராய்ந்தவர்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விசை எல்லை வைப்பதால் பெண்களின் எதிர்வினை உள்ளதைவிட மெதுவாகப் பதிவாகிறது என்று 2011-இல் எழுதினார்கள். வளரும் பிள்ளைகளிடம் எடை வேறுபாடு இன்னும் பெரிது. 35 கிலோ சிறுமிக்கும் 60 கிலோ பையனுக்கும் ஒரே எல்லை வைத்த பிளாக்கை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லை அவரவர் உடல் எடையின் விகிதமாக இருக்க வேண்டும். அதன் பிறகும் இந்த எண்கள் ஒரே பிள்ளையின் இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒப்பிடவே உதவும். அவற்றை வைத்து யாரையும் அணியிலிருந்து நீக்கக்கூடாது.